கலப்படமில்லாத மாவு

மாரிகுப்பம்
15 மார்ச் 1903

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே நானும் குழந்தை ஐடாவும் என் அக்காள் தங்கம்மாளும் சுகம். நீ குன்னூர் போய்ச் சேர்ந்த விவரம் நேற்றுக் கிடைத்தது. மலைக்குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. துரைசானி அம்மாள் பழைய காலுறை கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கிப் போட்டுக்கொள்.

பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது நீ தலையிலடித்துக்கொண்டு அழுததை எட்மண்ட் துரை பார்த்துவிட்டார். மறுநாள் அவரே ஸ்டோருக்கு வந்து, அழுதால் பால் கெட்டுப்போகும், உன் மனைவிக்கு எழுது என்றார். தங்கச் சுரங்கத்துக்கே சூப்பிரண்டாக இருக்கிறவர் ஒரு கிளார்க்கின் மேஜை முன்னால் வந்து நின்று பேசினார் என்றால் அது சாதாரணக் காரியமா? ஸ்டோரில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். துரைசானி அம்மாளுக்குப் பால் இல்லாமல் தன் பிள்ளை வாடுகிறதைப் பார்த்த தகப்பன் அவர். வால்டர் பாபா பிழைத்தால் அது உன் மனைவியால்தான் என்று என்னிடமே சொன்னார்.

ஐடாவையும் கூட அழைத்துப்போக விட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பிள்ளை குடித்தால் இரண்டுக்கும் போதாது என்று துரைசானி அம்மாள் சொன்னபோது நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? அப்போது தலையை ஆட்டிவிட்டு இப்போது எழுதுவது அழகல்ல. நீ திரும்பி வரும்போது, பெரிய கிளார்க்குகள் குடியிருக்கிற ஸ்கெலட்டன் பக்கம் நமக்கு ஓட்டு வீடு கிடைக்கும். துரை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். துரைசானி அம்மாள் சொன்னபடி கார்ன்பிளவர் மாவுதான் கொடுக்கிறோம். சீமையிலிருந்து வரும் டப்பா. மேலே கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக் குழந்தையின் படம் போட்டு, பச்சைக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உகந்தது என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிறார்களாம், ஆனால் சோளம் என்று சொன்னால் நம்ப மாட்டாய், அத்தனை வெண்மை. இந்த ஊர்ப் பாலில் காய்ச்சல் வருகிறது, மாவைக் கொதித்த தண்ணீரில் காய்ச்சிச் சர்க்கரை போட்டு ஊட்டினால் ஒரு கிருமியும் அண்டாது என்று அம்மாள் சொன்னதை நீயும் கேட்டாய். வெள்ளைக்காரர் ஸ்டோரிலிருந்து டப்பாக்களை நமக்குக் கொடுக்கத் துரை உத்தரவு போட்டிருக்கிறார். இந்த மாரிகுப்பத்தில் வேறு எந்த நம்மவர் பிள்ளைக்கு இந்தப் பாக்கியம்?

அக்காள்தான், இது வண்ணான் துணிக்குப் போடுகிற கஞ்சி மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுக்கிறாள். துரையின் காலருக்கு வண்ணான் போடுவதும் இந்த மாவுதானாம். அதனால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாதவள், விட்டுத்தள்ளு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. வால்டர் பாபா அழ அழ விடாதே.

உன் பிரியமுள்ள கணவன்,
ஜெயகரன்


மாரிகுப்பம்
17 மே 1903

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

சமாதானம் உண்டாவதாக. வால்டர் பாபா உன் கையில் நன்றாகத் தேறுகிறான் என்று துரைசானி அம்மாள் எழுதியதாகத் துரை என்னிடம் சொன்னார். எனக்கு மனம் பூரித்துப்போயிற்று.

ஐடா போன மாதம் கொஞ்சம் இளைத்துத்தான் போனாள். மறைக்காமல் எழுதுகிறேன். சிரிப்பு நின்றுபோய், மடியில் போட்டால் போட்டபடி கிடந்தாள். இப்போது அதெல்லாம் போய்விட்டது. கையைக் காலை உதைக்கிறாள். என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள். மாவு உடம்பில் பிடிக்கக் கொஞ்சம் நாளாகும் என்று நான் சொன்னது சரியாய்ப் போயிற்று.

நம் வீட்டுக்குப் பின்னால் கூலி லைனில் பெருமாள் என்று ஒருவன் இருக்கிறானே, சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறை துளைக்கிறவன், அவன் பெண்சாதி சம்பங்கியை உனக்கு நினைவிருக்கும். கைப்பிள்ளைக்காரி. அவள் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பத்துப்பேர் கேட்க என்னை நிறுத்தி, "இன்னா கெளார்க்கய்யா, கொயந்தைக்கு வெறும் வெள்ளத் தண்ணி ஊத்தறீங்களாமே, அதுல இன்னா சத்து கீது? எங்கிட்ட குடுங்க, எம்மவனோட சேந்து ரெண்டு வாயி குடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். நான் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். கூலி லைனிலிருந்து படித்துக் கரையேறி வந்தவர்கள் நாம். அங்கேயே பிள்ளையை அனுப்பிப் பால் குடிக்க வைப்பதா?

இருந்தாலும் ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை நான் செய்யாமல் விடவில்லை. கொள்ளைநோய் வந்ததிலிருந்து சாமான்களைச் சோதிக்கச் சுகாதார அதிகாரி ஒருவர் அவ்வப்போது வருகிறார் அல்லவா? இந்தமுறை கடைத்தெருவில் ஒரு கடைக்காரனைப் பிடித்தார். அவன் பங்களாக்களில் தூக்கிப்போடுகிற காலி டப்பாக்களை வாங்கி, பாதி கார்ன்பிளவரும் பாதி பொட்டுக்கடலை மாவுமாக நிரப்பி, லைன் ஜனங்களுக்கு மலிவாய் விற்றிருக்கிறான். மாவில் இலேசாக மஞ்சள் தட்டியதைக் கொண்டு கண்டுபிடித்தாராம். அத்தனையையும் சாக்கடையில் கொட்ட வைத்தார். பிள்ளைக்காரிகள் ஓடிவந்து முந்தானையில் அள்ளப் பார்த்தார்கள். போலீஸ்காரன் தடியை ஓங்கி விரட்டினான். கலப்பட மாவைத் தின்றே பழகிவிட்ட ஜனம், என்ன சொல்வது!

அதே அதிகாரியிடம் நம் டப்பாவைக் கொண்டுபோனேன். மாவைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரு குப்பியிலிருந்து திராவகம் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார். சுண்ணாம்பு இல்லை, படிகாரம் இல்லை, வேறு மாவும் இல்லை, இதைவிடச் சுத்தமான சரக்கை நான் பார்த்ததில்லை என்றார். கைப்பிள்ளைக்கு இது ஒன்றே போதுமா ஐயா என்று கேட்டேன். கலப்படம் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை, யார் எதைச் சாப்பிட்டு வாழ்கிறார்கள் என்று பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று சிரித்தார். மாவில் குற்றமில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆகையால் நீ நிம்மதியாக இரு. சர்க்காரே பார்த்துச் சரியென்று சொன்ன சாப்பாட்டைத்தான் உன் மகள் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
ஜெயகரன்


மாரிகுப்பம்
19 ஜூலை 1903

பாக்கியவதிக்கு,

உன் கடிதம் கண்டேன். பசும்பால் கொடுங்கள், ராகிக் கஞ்சி கொடுங்கள் என்று அங்கிருந்துகொண்டு நீ எழுதுகிறாய். உனக்கு இந்த யோசனையெல்லாம் யார் எழுதிப் போட்டது என்று எனக்குத் தெரியும். அக்காளுக்கு எழுத்து வராது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறாள். இனி நான் எழுதாத கடிதம் எதையும் நம்பாதே.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஷாஃப்டில் கயிறு அறுந்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு நின்றுபோனதால் ஸ்டோரையும் மத்தியானமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஆளில்லை. தேடிப் போனேன். கூலி லைனில், சம்பங்கி வாசலில் உட்கார்ந்து என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மகன் ஒரு பக்கம், ஐடா ஒரு பக்கம். அக்காள் எதிரே உட்கார்ந்து கால்நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் நடந்திருக்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு, ஏப்ரல் முதல்.

நான் பிள்ளையைப் பிடுங்கினேன். ஐடா வீறிட்டு அழுதாள். அப்போது சம்பங்கி என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உம் பொண்டாட்டி பாலு வெள்ளக்காரன் கொயந்தைக்கு ஆவும், எம் பாலு உங் கொயந்தைக்கு ஆவாதா?" என்று கேட்டாள். லைன் முழுக்க நின்று கேட்டது. உனக்கு எப்படியிருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்காள் வழியெல்லாம், "டேய் தம்பி, நீ மாவு மாவுன்னு சொல்றியே, அது பொழச்சதே அவ பாலுலதாண்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கை நீட்டிவிட்டேன். மூத்தவள்தான். அதற்காக அன்றே ஜெபம் பண்ணிவிட்டேன். இப்போது வேலைக்குப் போகும்போது இருவரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை. துரையிடமும் ஒரு வார்த்தை போட்டேன். பெருமாள் குடும்பத்தை மறுகோடியில் இருக்கிற லைனுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பங்கி இரண்டுமுறை ஜன்னலண்டை வந்தாளாம். காவல்காரனிடம் சொல்லி அதையும் நிறுத்திவிட்டேன்.

இனி நல்ல செய்தி. நீ வந்து பார்த்தால் உன் மகளை உனக்கே அடையாளம் தெரியாது! முதலில் ஒரு வாரம் முரண்டு பிடித்தாள். பிறகு மாவுக்கு அடங்கிவிட்டாள். இப்போது கன்னம் இரண்டும் உப்பி, டப்பாவில் இருக்கிற குழந்தையைப் போலவே ஆகிவிட்டாள். கையும் காலும் மினுமினுக்கின்றன. பாதத்தில் விரலால் அமுக்கினால் வெண்ணெயில் அமுக்கின மாதிரிக் குழி விழுந்து மெல்லத்தான் நிரம்புகிறது, அத்தனை சதை. நிறமும் வெளுத்துவிட்டது. கறுகறுவென்று இருந்த தலைமயிர் செம்பு நிறமாக மாறுகிறது. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். துரைப் பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று நான்கு பேர் சொன்னார்கள். சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அழுவதே கிடையாது. எந்நேரமும் அமைதியாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இத்தனை அடக்கமான பிள்ளையைப் பெற்றதற்கு நாம் கர்த்தரைத் துதிக்க வேண்டும்.

அக்காள் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நீயாவது புத்தியாக இரு.

உன் கணவன்,
ஜெயகரன்


மாரிகுப்பம்
6 செப்டம்பர் 1903

வேலூரிலிருக்கும் பர்னபாஸ் மச்சான் அவர்களுக்கு ஜெயகரன் வணக்கமாய் எழுதுவது.

உங்கள் தங்கை பாக்கியவதி குன்னூரில் சுகமாயிருக்கிறாள். உங்கள் மருமகள் ஐடாவைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டார். போன திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். தந்தி கொடுக்காததற்குக் காரணம் உண்டு. கடைசிவரை பொறுமையாகப் படித்தபின் என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் பிள்ளையின் முகம் மேலும் உப்பிக் கண் மூடிக்கொண்டது. தோல் பல இடங்களில் வெந்ததுபோல உரிந்து வந்தது. மாவை வாயில் ஊற்றினால் ஓரமாய் வழிந்துவிடும். அப்போதுதான் சுரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர் நம்மவர்தான், வயதானவர். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். வேறு என்ன என்றார். வேறு ஒன்றுமில்லை, இது ஒன்றுதான், கலப்படமே இல்லாதது என்றேன். எடுத்த மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

இது வியாதி இல்லை, பட்டினி என்றார். வயிறு நிறையத்தானே ஊட்டினோம் என்று கேட்டேன். வயிறு நிறையப் பட்டினி போட்டிருக்கிறாய் என்றார். இது சதை இல்லையப்பா, நீர். அந்த மாவில் பசியை அடக்குகிற குணம் மட்டும்தான் இருக்கிறது, பிள்ளையை வளர்க்கிற சத்து ஒன்றுமே கிடையாது என்றார். சுவரிலிருந்து பிய்த்துப் பையில் கொண்டுபோயிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இதில் எழுதியிருப்பது எல்லாம் சரிதான், மாவில் ஒரு குற்றமுமில்லை என்றார். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கடைத்தெருவில் அந்தப் பாவி கடலைமாவு கலந்து விற்றானே, அதைக் கொடுத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும் என்றார். அவர் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை, மச்சான்.

பால் கொடுத்துப் பார் என்றார். நான் எங்கே போவேன்? நானே போனேன். மறுகோடி லைனுக்கு, சம்பங்கி வீட்டுக்கு. அவள் எழுந்து கையை நீட்டினாள். பிள்ளையை வாங்கி மாரில் வைத்தாள். ஐடாவுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. வாயைத் திறந்து வைத்து விரலால் பீய்ச்சினாள். வாய் நிறையப் பால் நின்றது, இறங்கவில்லை. விடியற்காலையில் அவள் மடியிலேயே போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் பத்துப் பேர்தான் இருந்தோம். சம்பங்கி சுவருக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அக்காள் அவளோடேயே போய்விட்டாள். இனி என் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

இப்போது நான் எழுத வந்த காரியம். அடக்கம் முடிந்ததும் எட்மண்ட் துரை பங்களாவுக்கு வரச் சொன்னார். என் கையைப் பிடித்து, வருத்தப்படுகிறேன் என்றார். பிறகு, இந்தச் செய்தி குன்னூருக்குப் போகக் கூடாது என்றார். பாக்கியவதி கேட்டால் அன்றைக்கே பால் வற்றிவிடும், வால்டர் இப்போதுதான் தேறி வருகிறான், அவன் பால் மறக்கிறவரைக்கும் உன் மகள் உயிரோடு இருக்கிறாள் என்றே எழுது என்றார். உன் பிள்ளை போய்விட்டது, என் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். நானும் அழுதேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். அவள் இங்கே ஓடிவந்தால் எதைப் பார்ப்பாள்? மண்ணைத்தான் பார்ப்பாள். வேலையும் போகும். ஓட்டு வீட்டுச் சாவியை அப்போதே மேஜைமேல் வைத்துவிட்டார். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகையால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தங்கைக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினாலும் சுகம் விசாரித்து மட்டும் எழுதுங்கள். துக்கத்துக்கென்று கருப்பு ஓரம் போட்ட காகிதத்தில் எழுதிவிடாதீர்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிச்சமிருந்த டப்பாவை இன்றைக்குத் திறந்து ஒரு கரண்டி காய்ச்சிக் குடித்துப் பார்த்தேன். இத்தனை நாள் ஊட்டினேனே, ஒருமுறையும் என் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அதில் ருசியே இல்லை, மச்சான். ஒன்றுமே இல்லை.

உங்கள்,
ஜெயகரன்


ஸ்கெலட்டன்
13 செப்டம்பர் 1903

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வீடு மாறுகிற வேலையில் கை ஓயவில்லை. மேலே பார், புது விலாசம் எழுதியிருக்கிறேன். ஓட்டு வீடு, இரண்டு ஜன்னல், சமையலுக்குத் தனி அறை. மழை பெய்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஐடா நன்றாயிருக்கிறாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. புதுத்தரை வழுவழுவென்று இருப்பதால் தவழ்ந்து தவழ்ந்து வாசற்படிவரைக்கும் போய்விடுகிறாள், பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறாள். பசும்பால் கொடு என்று நீ எழுதினாயே, நீ சொன்னபடியே இப்போது பசும்பாலும் ராகிக் கஞ்சியும்தான் கொடுக்கிறோம். உன் பேச்சை நான் கேட்பதில்லை என்று இனிமேல் சொல்லாதே.

படம் பிடித்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். பெங்களூர்ப் படக்காரன் இந்த வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை. அக்காள் ஊருக்குப் போயிருக்கிறாள், வரக் கொஞ்ச நாளாகும். அவள் பேரில் யார் எதை எழுதினாலும் நம்பாதே. வதந்தி கிளப்புகிறவர்கள் இங்கே அதிகம். வேலூர் மச்சானுக்குப் பள்ளிக்கூட வேலை அதிகமாம், அடிக்கடி எழுத முடியாது என்று சொல்லச் சொன்னார்.

ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். வேண்டாம். அத்தனை தூரம் ரயிலில் அலைந்தால் உன் உடம்புக்கு ஆகாது. வந்துவிட்டுத் திரும்பிப் போவது அதைவிடக் கஷ்டம். அங்கேயே இரு. பூண்டு போட்ட கஞ்சி கேட்டு வாங்கிக் குடி. கண்டதையும் நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஐடாவைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம், அவளுக்கு இனி ஒரு குறையும் வராது.

உன் மடியில் இருக்கிற பிள்ளையைக் கர்த்தர் காப்பாராக. அவன் கேட்கும்போதெல்லாம் இல்லையென்று சொல்லாமல் கொடு. நன்றாகக் குடிக்கட்டும். அவன் பால் மறக்கிற நாள் வரைக்கும் நீ சந்தோஷமாயிரு, பாக்கியம்.

உன் கணவன்,
ஜெயகரன்